கண்ணை மூடின பத்து நிமிஷம்

நவம்பர் 18, செவ்வாய்

மூன்றாம் நாளாகத் தூறல். கொடியில் போட்ட புடவை காயவில்லை, வாடையும் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் ஈரம்.

நேற்று செங்கம் போய் டாக்டரைப் பார்த்தேன். பி.பி. ஏறியிருக்கிறது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். தூக்கமில்லை என்றேன். வயது கேட்டார், நாற்பத்தாறு. வேலை கேட்டார். மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளியில் டீச்சர், பிள்ளைகளோடு அங்கேயே தங்கல் என்றேன். தியானம் ஏதாவது பண்ணுவீர்களா என்று கேட்டார். ஆறு வருஷம் ஒரு நாள் விடாமல் பண்ணினேன், இப்போது ஒன்றரை மாதமாக இல்லை. ஏன் என்றார். நேரமில்லை என்றேன். கொஞ்சமும் வாய் கூசவில்லை.

மறுபடி ஆரம்பியுங்கள், தினம் இருபது நிமிஷம், உட்கார முடியாத அன்றைக்கு ஏன் முடியவில்லை என்று எழுதுங்கள் என்றார். அதனால்தான் இந்த டைரி. அலமாரியில் சும்மா கிடந்தது. பழைய வழக்கப்படி ஒவ்வொரு நாளின் கீழேயும் தி. என்று போட்டுக்கொள்வேன். தியானம் என்று முழுசாக எழுத சோம்பல். உட்கார்ந்தால் டிக், இல்லையென்றால் கோடு.

இன்று 5.10க்கு எழுந்தேன். சால்வையை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. எழுந்துபோய் கேஸ் ஸ்டவ்வைக் கழற்றித் துடைத்தேன். பர்னர் புதுசுபோல் இருக்கிறது.

உட்கார்ந்தேன்தானே.

தி. ✓


நவம்பர் 19, புதன்

பனி. எதிரே இருக்கிற சமையல்கட்டே தெரியவில்லை, புகை வாசனை மட்டும்.

இன்று உட்காராததற்குக் காரணம்: முழங்கால். பால் பொங்கிவிடும் என்ற பயம் (பாலே இன்னும் வாங்கவில்லை). கொசு (இந்தக் குளிரில்!). வீட்டுக்காரர் போன் பண்ணினாலும் பண்ணுவார் (டேங்க் மேட்டுக்குப் போனால்தான் சிக்னல் வரும், அறைக்குள் எந்தக் காலத்தில் வந்தது). டஸ்டர் துவைக்கவேண்டும். ஐந்தாம் வகுப்பு கணக்கு நோட்டு திருத்தவேண்டும். திருத்தவும் இல்லை.

மத்தியானம் ஹெச்.எம். கூப்பிட்டார். காலைத் தியானத்தை டிசம்பர் ஒன்றாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து மறுபடி நடத்தவேண்டுமாம். நம் பள்ளியின் சிறப்பு என்று என் பெயரோடு ரிப்போர்ட்டில் எழுதி அனுப்பியாகிவிட்டது, டிசம்பரில் மேலிருந்து பார்க்க வருகிறார்கள். வேறு யாரையாவது நடத்தச் சொல்லுங்கள் சார் என்றேன். உங்களை விட்டால் யாருக்கு மேடம் தெரியும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நடந்தது நடந்துபோச்சுங்க மேடம். விசாரணையும் முடிஞ்சிபோச்சு. இன்னும் எத்தினி நாளைக்கு?"

தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டாமல் என்ன செய்ய.

தி. ✓


நவம்பர் 20, வியாழன்

டாக்டர் எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன். பாடக்குறிப்பு எழுதுவதுபோல் வரிசையாக.

வெண்ணிலா. ஐந்தாம் வகுப்பு, பத்து வயது. எல்லாருடைய பென்சிலையும் பிளேடு வைத்துச் சீவிக் கொடுப்பாள். சீவின தூளைக் கீழே போடமாட்டாள், பாவாடை மடியில் கட்டிக்கொண்டுபோய் வெளியே கொட்டுவாள். தியானத்தில் கடைசி வரிசை, கதவோரம்.

தியானம் இந்தப் பள்ளிக்கு வந்ததே என்னால். சந்தவாசலில் எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் பத்து நாள் வகுப்பு நடந்தது, அங்கே கற்றது. காலை ஆறரையிலிருந்து ஆறு நாற்பது வரை, உப்புமாவுக்கு முன்னால், ஹாலில் முப்பத்திரண்டு பிள்ளைகள். அவர்களைப் பார்த்தபடி எதிரே நான். எல்லாருக்கும் கண் மூடியிருக்கவேண்டும். எனக்கும்.

அக்டோபர். மலையெல்லாம் சாமை அறுப்பு. அந்த வாரம் மட்டும் நாலு பிள்ளைகள் சொல்லாமல் ஊருக்குப் போயிருந்தார்கள். இங்கே இது வழக்கம். அறுப்பு, திருவிழா, அக்காவுக்கு நிச்சயம், எது வந்தாலும் வேலியைத் தாண்டிப் போய்விடுவார்கள். ரெண்டு நாள் கழித்து ஒரு பை சாமையோடு பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். திட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்வோம். வருகைப் பதிவில் வந்ததாகவே போட்டுவிடுவோம். இல்லையென்றால் மேலே கேள்வி கேட்பார்கள். எல்லா டீச்சரும் செய்வதுதான், எனக்கு முன்னால் இருந்தவரும் செய்ததுதான்.

அன்றும் வியாழக்கிழமை. ஆறு நாற்பதுக்குக் கண்ணைத் திறந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. அவள் இடம் காலி. சரி, இவளும் அறுப்புக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். வந்ததாகப் போட்டேன். வெள்ளிக்கிழமையும் போட்டேன். சமையல் காளியம்மா அக்காவிடம், வெண்ணிலாகூட ஓட ஆரம்பித்துவிட்டாள் பாருங்கள் என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்தேன் என்பதையும் எழுதவேண்டும்.

சனிக்கிழமை சந்தை. சந்தை முடித்து அவள் அப்பா வெள்ளையன் கேட் பக்கம் வந்து நின்றார். பையில் சீத்தாப்பழம்.

"பாப்பாவக் கொஞ்சம் கூப்புடுங்க டீச்சர். பழம் குடுத்துட்டுப் போய்ட்றேன்."

அவள் உங்கள் வீட்டில்தானே இருக்கிறாள் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

"வூட்டுக்கு வர்லீங்களே டீச்சர்."

சாயந்திரத்துக்குள் ரெண்டு ஊர் ஆட்களும் தேடினார்கள். அவர்கள் ஊருக்குப் போகிற குறுக்கு வழியில், இங்கிருந்து முக்கால் மணி நடையில், கொல்லைக்காட்டுக்குள் ஒரு கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது, புல் விளிம்புவரை வளர்ந்து கிடக்கிறது. வியாழக்கிழமை காலையில் நல்ல பனி. மீதியை எழுதமாட்டேன்.

அன்று காலையே முடிந்திருக்கும் என்றார்கள். அதை ஆறுதலாகச் சொன்னார்கள்.

பள்ளியில் இருக்கிறாள் என்று அவர் நினைத்தார். வீட்டில் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். மூன்று நாள் அவளை ஒருவரும் தேடவில்லை.

விசாரணையில் கேட்டார்கள். கண்ணை மூடியிருந்தேன், அவள் போனதைப் பார்க்கவில்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள். பொய் இல்லை. பார்க்கவில்லை.

தி. ✓


நவம்பர் 22, சனி

வெயில் கொஞ்சம். புடவை காய்ந்தது.

சந்தை நாள். வெள்ளையன் வந்தார். அது நடந்ததிலிருந்து ஒரு சந்தை விடாமல் வருகிறார். கேட்டுக்கு வெளியே கைபம்பு மேடையில் உட்காருவார். யாரையும் ஏசியதில்லை. பழம் கொண்டுவருவார், இருக்கிற பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று. சீத்தா முடிந்துவிட்டது, இன்று கொய்யா. காளியம்மா அக்கா போய் வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் வெள்ளையன் அக்காவிடம் கேட்பது ஒரே கேள்விதான்.

"அன்னிக்கு காலைல சாப்ட்டாளாம்மா?"

"சாப்ட்டாப்பா. உப்புமா ரெண்டு கரண்டி வாங்கிச் சாப்ட்டா."

தியானம் உப்புமாவுக்கு முன்னால். அக்காவுக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது.

நான் வகுப்பில் கரும்பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் எழுந்து போகும்வரை சாக்பீஸ் டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளை ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம்.

கொய்யா எனக்கும் ஒன்று வந்தது. மேஜைமேல் இருக்கிறது.

தி. ✓


நவம்பர் 24, திங்கள்

ஒன்றாம் தேதியிலிருந்து தியானம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ரெண்டாம் வகுப்பு பவித்ரா மட்டும் பின்னாலேயே வந்தாள். ஸ்வெட்டர் கையை மென்றுகொண்டே, "டீச்சர், எல்லாரும் கண்ணு மூடிக்கினா யாரு பாத்துக்குவாங்க?"

போய்ச் சாப்பிடு என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்.

அரிசி வந்தது. ஒரு மூட்டையில் வண்டு.

தி. ✓


நவம்பர் 25, செவ்வாய்

தூறல். பஸ் வரவில்லை, வழியில் மரம் விழுந்திருக்கிறதாம்.

இந்த டைரியில் இதுவரை போட்ட டிக் அத்தனையும் பொய். முதல் நாள் ஒரு நிமிஷம். மற்ற நாளெல்லாம் அதுவும் இல்லை. சால்வையைப் போட்டேன், மடித்தேன், வைத்தேன். வராத பிள்ளைக்கு வந்ததாகப் போட்டுப் பழகின கை. எனக்கே எழுதிக்கொள்கிற நோட்டில்கூட அதையே செய்கிறது. படிக்கப்போவது யார்? நான்தான். என்னையே ஏமாற்றி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இன்று மூன்று நிமிஷம் உட்கார்ந்தேன். நிஜமாக. அதனால் எழுதுகிறேன்.

பார்க்கவில்லை என்று விசாரணையில் சொன்னேன். கேட்டேன்.

அன்று கண்ணை மூடி நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும். யாரோ எழுந்து வருகிற சத்தம். வெறுங்கால். என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "டீச்சர்" என்றாள். வெண்ணிலாதான். ரெண்டு நாளாகச் சளி, குரல் அடைத்திருந்தது, எனக்கு நன்றாகத் தெரியும். நான் கண்ணைத் திறக்கவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினேன். இரு என்று. பேசாதே என்று.

ஏன் திறக்கவில்லை? அன்றைக்கு எனக்கு நன்றாகக் கூடி வந்திருந்தது. மூச்சு தானாக மெலிந்து, உடம்பு லேசாகி. ஆறு வருஷத்தில் அந்த மாதிரி பத்துத் தடவை வந்திருந்தால் அதிகம். அதை விட மனசில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் கால் சத்தம் நகர்ந்தது. கதவு கிறீச்சென்றது. அதையும் கேட்டேன். கேட்டும் உட்கார்ந்திருந்தேன். மீதி ஐந்து நிமிஷமும் மிக நன்றாக இருந்தது.

இப்போது கண்ணை மூடினால் கிணறு வருவதில்லை. அவள் முகம்கூட வருவதில்லை. "டீச்சர்" என்று குரல் வருகிறது, உடனே என் வலது கை மடியிலிருந்து எழும்புகிறது. மனசுக்குள் இல்லை, நிஜமாகவே எழும்புகிறது. இடது கையால் பிடித்து இறக்கவேண்டியிருக்கிறது. முழங்கால், பால், கொசு எல்லாம் சும்மா. இந்தக் கைக்குப் பயந்துதான் ஸ்டவ்வைத் துடைத்தேன்.

தி. —


நவம்பர் 27, வியாழன்

காளியம்மா அக்காவிடம் சொன்னேன். சமையல்கட்டில், அவர் வண்டு பிடித்த அரிசியைப் புடைத்துக்கொண்டிருக்கும்போது. முதல் தடவையாக வாய்விட்டு. சொல்லி முடிக்கும்வரை முறம் நிற்கவில்லை.

வெள்ளையனிடம் சொல்லப்போகிறேன் என்றபோது நின்றது.

"சொல்லாதீங்க டீச்சர். சொன்னா ஒங்க பாரம் எறங்கும். அந்த ஆளு தலையில ஏறும். நான் வாராவாரம் இன்னாத்துக்கு பொய் சொல்றேன்னு நெனச்சீங்க? அவரு வவுறாவது அடங்கட்டும்னுதான்."

அக்கா சொல்வது சரி என்றே படுகிறது. அவருக்காகச் சொல்கிறேனா, காலையில் நிம்மதியாகக் கண்ணை மூடவேண்டும் என்று சொல்கிறேனா? ரெண்டாவதாக இருந்தால் அது மறுபடியும் அந்தக் கையைக் காட்டுவதுதான். என் தியானம் முதலில், மற்றவர்கள் அப்புறம்.

ஆனால் அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே. வாராவாரம் வந்து அந்தக் காலையைப் பற்றித்தானே கேட்கிறார். அதில் அவருக்குச் சேரவேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை அவரிடம் கொடுக்காமல் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தி. —


நவம்பர் 28, வெள்ளி

டேங்க் மேட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் பேசினேன். சந்தவாசலில் வெயிலாம், கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். "மாறுதல் கேட்டு எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்கு வந்து சேரு. அங்க இன்னாத்துக்கு ஒக்காந்துகினு இருக்கற?" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அவரிடமும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர், ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளையன் மேலே எழுதிப் போட்டால் வேலை போகும். போகலாம். பயமாக இருக்கிறது, இல்லை என்று எழுதினால் இன்னொரு பொய் டிக்.

ஹமாம் 2, தேங்காய் எண்ணெய், தலைவலித் தைலம், பிள்ளைகளுக்கு சீப்பு.

நாளை சந்தை.

தி. —


நவம்பர் 29, சனி

சொல்லிவிட்டேன்.

பதினொன்றரைக்கு வெள்ளையன் வந்தார். பையில் கொய்யா. அக்கா எழுந்திருக்கும் முன் நான் போனேன். அக்கா பின்னாலேயே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் மேடையிலிருந்து எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. நானும் நின்றபடியே சொன்னேன். அவள் கிட்டே வந்தாள், டீச்சர் என்று கூப்பிட்டாள், நான் கண்ணைத் திறக்காமல் இரு என்று கை காட்டினேன், அப்புறம்தான் போனாள். விசாரணையில் இதைச் சொல்லவில்லை. அதையும் சொன்னேன்.

அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழவில்லை.

துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பம்பைப் பார்த்தார். அப்புறம், "இன்னா சொல்ல வந்தா?"

"தெரியலீங்க."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஆமாம் என்றேன்.

இன்னொன்று கேட்டார். "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அக்கா என் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடுவது கேட்டது. முன்னாடி என்றேன். அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. இத்தனை வாரமாகக் கேட்டு வைத்திருந்த அந்த ரெண்டு கரண்டி உப்புமாவும் என் கண்ணெதிரில் அவரிடமிருந்து போனது.

கொய்யாப் பையை மேடையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை என்பது அவர் வளைவு தாண்டினபிறகுதான் உறைத்தது.

அக்கா இன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

தி. —


நவம்பர் 30, ஞாயிறு

5.00. மழை இல்லை. நல்ல குளிர்.

உட்கார்ந்தேன். குரல் வந்தது. கை எழும்பியது. பிடித்து இறக்கவில்லை, தூக்கியபடியே இருக்கட்டும் என்று விட்டேன். தோள் வலித்தது. ரொம்ப நேரம் கழித்துத் தானாக இறங்கியது. மறுபடி குரல். மறுபடி கை. எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

இருபது நிமிஷம். நிம்மதி என்று ஒன்றும் இல்லை. முன்பு வந்ததுபோல் உடம்பு லேசாகவும் இல்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. எழுந்து ஓடவில்லை, அதுதான் நடந்தது. ஸ்டவ் அழுக்காகவே இருக்கிறது.

தி. ✓ (இது நிஜம்)


டிசம்பர் 1, திங்கள்

ஹாலில் முப்பத்தொரு பேர். ஹெச்.எம். வந்து வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

கண்களை மூடுங்கள் என்றேன். மூடினார்கள். நான் மூடவில்லை. பத்து நிமிஷமும் திருடன் மாதிரி எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்றிலிருந்து முப்பத்தொன்று, மறுபடி ஒன்று. பாதியில் பார்த்தால் பவித்ரா ஒரு கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் திறந்திருப்பதைப் பார்த்ததும் அவள் நிம்மதியாக மூடிக்கொண்டாள்.

அதனால் இப்படியே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் நான் மூடச் சொன்னால் அவர்கள் மூடுகிறார்கள், நான் மூடுவதாக நம்புகிறார்கள். அறையில் இருபது நிமிஷம் இருக்க முடிகிறது, இவர்கள் முன்னால் பத்து நிமிஷம் முடியவில்லை.

தி. காலை அறையில் ✓, ஹாலில் —


டிசம்பர் 3, புதன்

தீபத்துக்கு விடுமுறை. நேற்று மத்தியானத்திலிருந்தே பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தார்கள். புது நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். யார் வந்து கூட்டிப்போனாலும் கையெழுத்து, தெரியாதவர்கள் கைநாட்டு. ஒரு தாத்தா, என் பேத்தியைக் கூட்டிப்போக நான் எதற்கு மை வைக்கவேண்டும் என்று சண்டைக்கு வந்தார். வைக்காமல் விடவில்லை.

சாயந்திரம் டேங்க் மேட்டில் நின்றேன். மேகம் இல்லாத வருஷம் அண்ணாமலை தீபம் பொட்டுப்போல் தெரியும். இன்று முழுக்க மேகம்.

ஹாஸ்டல் காலி. அக்கா இப்போது பேசுகிறார், ரசம் வேண்டுமா என்கிற அளவுக்கு.

தி. ✓


டிசம்பர் 5, வெள்ளி

பள்ளி திறந்தது. இருபத்தேழு வந்தார்கள், நாலு வரவில்லை. நாலு பேருக்கும் வரவில்லை என்றே போட்டேன். ஹெச்.எம். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார், நாளைக்கு வந்துவிடுவார்கள் மேடம், இதுக்குப் போய் என்றார். வந்தால் நாளைக்குப் போடுகிறேன் சார் என்றேன்.

டேங்க் மேட்டிலிருந்து நாலு வீட்டுக்கும் போன். மூன்று வீட்டில் எடுத்தார்கள், பிள்ளை பேசினால்தான் ஆச்சு என்று பிள்ளையின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். நாலாவது ஊருக்கு சிக்னல் இல்லை. அக்காவின் தம்பியை பைக்கில் அனுப்பினேன். சாயந்திரம் வந்து, "இருக்குது டீச்சர். மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு இருக்குது" என்றான். அதன்பிறகுதான் சாப்பிட்டேன்.

ஹாலில் இன்றும் கண் மூடவில்லை.

தி. ✓, ஹாலில் —


டிசம்பர் 6, சனி

சந்தை. வெள்ளையன் வரவில்லை.

பதினொன்றரையிலிருந்து ரெண்டு மணிவரை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சந்தைக்குப் போயிருந்தார், அங்கே பார்த்திருக்கிறார். புளி விற்க வந்திருந்தாராம். அக்காவாகவே போய்ப் பேசியிருக்கிறார். பொய் சொன்னதற்கு மன்னிச்சிடுப்பா என்று கேட்டிருக்கிறார். வெள்ளையன் வீட்டில் வெண்ணிலாவின் அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டாராம். பிள்ளை என்ன சொல்ல வந்திருப்பாள் என்று அவர் கேட்காமலேயே அந்தம்மா பதில் சொன்னாளாம்.

"வவுத்து வலியாத்தான் இருக்கும். வவுறு வலிச்சா அவ வாய்விட்டு சொல்லமாட்டா, கிட்ட வந்து நிப்பா."

அக்கா இதை என்னிடம் சொல்லும்போது வெங்காயத்தைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போய் ரெண்டு வெங்காயம் எடுத்துப் போட்டேன். அதற்குமேல் முடியவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அழாததெல்லாம் இன்று வந்தது. அக்கா கதவைச் சாத்தினார், பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று.

வயிற்று வலி. ஒரு ஓம வாட்டர். என் அறையில், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

தி. —


டிசம்பர் 7, ஞாயிறு

உட்கார்ந்தேன். இருபது. குரல் வந்தது. கை எழும்பவில்லை. ஏன் என்று தெரியாது. நாளைக்கு எழும்பலாம்.

ஓம வாட்டர் பாட்டிலை ஹாலில் ஜன்னல் மாடத்தில் வைத்தேன்.

தி. ✓


டிசம்பர் 8, திங்கள்

பனி. எதிரே எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு இருந்ததுபோலவே பனி.

முப்பத்தொருவரும் வந்துவிட்டார்கள். ஆறரைக்கு எல்லாரும் உட்கார்ந்தபிறகு சால்வையை எடுத்துக்கொண்டு முன்னாலிருந்து எழுந்து கதவுக்குப் போனேன். கதவு முழுக்கத் திறந்திருந்தது. வாசற்படியிலேயே சால்வையைப் போட்டு, ஒரு பக்கக் கதவு நிலைக்கு முதுகைக் கொடுத்து, எதிர் நிலைவரை காலை நீட்டிக்கொண்டேன். என் காலைத் தொடாமல் யாரும் வெளியே போக முடியாது.

ஹாலுக்குள் சலசலப்பு. "டீச்சர், வாசப்படில ஒக்காரக் கூடாது" என்றாள் ஒருத்தி. "வூட்டுக்கு ஆகாது டீச்சர்" என்றாள் இன்னொருத்தி. தெரியும், கண்ணை மூடுங்கள் என்றேன்.

வழக்கமாகச் சொல்வதற்குமேல் ஒன்று சொன்னேன். யாருக்கு என்ன வேண்டுமானாலும், எதற்காக இருந்தாலும், வந்து என்னைத் தொட்டு எழுப்புங்கள், நான் திறப்பேன்.

மூடினேன். முதுகில் நிலைக்கல் சில்லென்று. வெளிப்பக்கம் பனி, உள்பக்கம் பிள்ளைகளின் மூச்சு, மூக்கு உறிஞ்சல். குரல் வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது. கூடவே முழங்காலில் ஒரு சின்னக் கை.

"டீச்சர்."

திறந்தேன். பவித்ரா. ஸ்வெட்டர் கை வாயில்.

"சொல்லு" என்றேன்.

"ஒண்ணுக்கு."

காலை மடக்கினேன். தாண்டிப் போனாள். நாலடியில் பனி அவளை மறைத்துவிட்டது. கழிப்பறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து ஓடவேண்டும்போல் இருந்தது, நிலையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வெறுங்கால் சத்தம்.

வந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, என் காலைத் தாண்டிப்போய், அவள் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மணி பார்த்தேன். இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. காலை மறுபடி நீட்டி, நானும் மூடினேன்.